கடலில் மேய்ச்சல் நிலம் தேடும் கண்

ஐதராபாத்தில் வாழும் நம்மவர்களுக்குக் கடல் என்பது விடுமுறைக்கு ஊர் போகும்போது மட்டும் காணக் கிடைக்கும் காட்சி. ஆயினும், இந்தியக் கரையோர மீனவர்களுக்கு மீன் கிட்டும் திசையைச் சொல்லும் நிலையம், அலையோசையே கேளாத இந்த ஊரின் வடமேற்கே, பிரகதி நகர்ப் பகுதியில்தான் இயங்குகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1999-இல் நிறுவப்பட்ட இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையமே அது.

வானத்திலிருந்து மீனைப் பார்க்கிறார்களாமே என்று வியப்பவர் உண்டு. எழுநூறு கிலோமீட்டருக்கு மேலிருந்து ஒரு சாளை மீனைக் காண்பது எங்ஙனம்? செயற்கைக்கோள் காண்பது மேய்ச்சல் நிலத்தை, மாட்டையன்று.

கடலின் ஆழத்து நீர் குளிர்ந்தது. எருவைப் போன்ற சத்துக்கள் நிறைந்தது. காற்றும் நீரோட்டமும் அந்நீரை மேலே கொணரும் இடங்களில், வெயில் பட்டதும், கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசிகள் கோடிக்கணக்கில் தழைக்கின்றன. அவற்றை நாடிச் சாளையும், சாளையை நாடிச் சூரையும் வந்து சேரும். பாசியிலுள்ள பச்சையம் நீல ஒளியை உறிஞ்சிவிடுவதால் அவ்விடத்துக் கடல் நீலம் குன்றிப் பசுமை கொள்கிறது. இந்த நிறபேதத்தை அளக்கவே ஓஷன்சாட் வரிசைக் கோள்கள் 1999, 2009, 2022 ஆகிய ஆண்டுகளில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டன. நீரின் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு வேறு கருவிகள் அளக்கின்றன. வெந்நீரும் தண்ணீரும் முட்டிக்கொள்ளும் எல்லையும் பசுமையும் ஒன்றுகூடும் இடத்தைப் படத்தில் கோடிட்டு, இன்ன கரையிலிருந்து இன்ன திசையில், இத்தனை கிலோமீட்டர் தொலைவில், இத்தனை மீட்டர் ஆழத்தில் என்று தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் அறிவிக்கிறார்கள்.

நம் கரையோரப் பெரியவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். நீரின் நிறம், நீவாடு என்று அவர்கள் சொல்லும் நீரோட்டத்தின் போக்கு, பறவைகள் வட்டமிடும் இடம் ஆகியவற்றைப் பார்த்தே வலை வீசினார்கள். அவர்கள் கண்ணுக்கு எட்டிய தொலைவு சிறிது. கோளின் பார்வையோ ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் அகலம். விசைப்படகுக்காரருக்கு டீசல் செலவே பெருஞ்சுமை. தேடி அலையும் நேரம் குறைந்தால் அந்தப் பணம் வீடு வந்து சேரும். வெறும் வலையுடன் திரும்பினாலோ கடன் ஏறும்.

குறைகளும் உண்டு. மேகம் மூடினால் கோளுக்குக் கண் தெரியாது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில்தான் கேரளக் கரையோரம் அடிநீர் மேலெழுந்து கடல் செழிக்கிறது. அதே மாதங்களில்தான் மேகமும் திரண்டு மறைக்கிறது! இயற்கையின் குறும்பை என்னென்பது! மேலும், காற்றும் நீரோட்டமும் ஓரிடத்தில் நிற்பவை அல்லவாதலால், நேற்று குறித்த எல்லை படகு போய்ச் சேருமுன் நகர்ந்துவிடவும் கூடும். அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் மீன் இருக்கிறது என்ற செய்தி கட்டுமரக்காரருக்கு என்ன பயன் தரும்?

இவற்றினும் என்னை உறுத்துவது வேறொன்று. ஒரே செய்தி எல்லாப் படகுகளுக்கும் போகிறது. எல்லாரும் ஒரே இடத்தில் வலை விரித்தால், வளராத குஞ்சுகளும் சேர்ந்தே அகப்படும். மேய்ச்சல் நிலம் எங்கே என்று கோள் சொல்லும். அங்கு மேய்வது தாயா, குஞ்சா என்று சொல்லாது. வலைக்கண்ணின் அளவைப் பற்றிய சட்டமும், அதைப் பின்பற்றும் மனமும் கரையில்தான் வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்நாட்களில் மீன் திசை சொல்லும் அறிவிப்பு ஐதராபாத்திலிருந்து அக்கரைக்குப் போவதில்லை.