படம் தடைப்படுவது ஏன்? இணைப்புக் கோளாறுகளை ஆராயும் முறை

2004-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எடுசாட் என்னும் துணைக்கோள் விண்ணில் செலுத்தப்பட்டது. கல்விப் பணிக்கென்றே இந்தியா அமைத்த முதல் துணைக்கோள் அது. அதன் துணையுடன் இயங்கிய விக்டர்ஸ் கல்வித் திட்டத்தைக் குடியரசுத் தலைவர் டாக்டர் அப்துல் கலாம் 2005 ஜூலை 28-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் தொடங்கி வைத்தார். எடுசாட் 2010-இல் பணி முடித்தது, விக்டர்ஸ் நிற்கவில்லை. பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டிருந்த காலத்தில், 2020 ஜூன் 1-ஆம் தேதி, ‘ஃபஸ்ட் பெல்’ பாடங்கள் அதில் தொடங்கின. வகுப்பறைக்கு வர இயலாத மாணவனுக்குத் திரையே பள்ளியாயிற்று. இத்தகைய பணியில் இணைப்பு அறுபடுமாயின் பாடமும் அறுபடும்.

முன்னாளில் ஒவ்வொரு காமிராவின் படமும் தனித்தனிக் கேபிளில் சென்றது. இக்காலத்தில் பல நிலையங்களில் படம், ஒலி, கட்டளை ஆகிய மூன்றும் சிறுசிறு தகவற் பொட்டலங்களாக்கப்பட்டு, கணினி வலையின் ஒரே கேபிளில் செல்கின்றன. கம்பிகள் குறைந்தன, ஆயினும் கோளாற்றின் இருப்பிடம் கண்ணுக்குப் புலப்படாமற் போயிற்று.

ஆகவே தேடுதல் ஒழுங்காக நடைபெற வேண்டும். முதலில் மின்சாரமும் கேபிளும், அடுத்து முகவரி, அதன்பின் வேகம், இறுதியில்தான் கருவியின் உள்ளமைப்பு. செம்புக் கேபிளின் நீளம் 100 மீட்டருக்கு மேற்படலாகாது. கடற்காற்றும் ஈரமும் மிகுந்த திருவனந்தபுரம் போன்ற ஊர்களில் இணைப்பு முனைகளில் களிம்பு ஏறுவதுண்டு. அவற்றைக் கழற்றிப் பார்த்தல் நலம்.

வலையிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி உண்டு. 169.254 எனத் தொடங்கும் முகவரி எதிர்பாராமல் தோன்றினால், முகவரி வழங்கும் கருவியிடமிருந்து பதில் கிடைக்கவில்லை என்று கொள்ளலாம். இரு கருவிகளுக்கு ஒரே முகவரி அமைந்துவிட்டால் படம் தோன்றுவதும் மறைவதுமாக இருக்கும்.

மிகவும் ஏமாற்றுவது வேகக் குறைவாகும். கேபிளினுள் எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடிகளாக உள்ளன. வினாடிக்கு 1,000 மெகாபிட் வேகத்திற்கு நான்கு ஜோடிகளும் தேவை. 100 மெகாபிட் வேகத்திற்கு இரண்டு ஜோடிகள் போதும். எஞ்சிய இரண்டில் ஒரு கம்பி முறிந்தால், பல கருவிகள் அறிவிப்பேதுமின்றித் தாமாகவே 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். இணைப்பு விளக்கு எரியும், காமிரா கட்டளைக்குப் பணியும், ஒலியும் கேட்கும். படம் மட்டும் உறைந்து நிற்கும். பழி காமிராவின்மேல் விழும். குற்றமோ சில ரூபாய் பெறும் இணைப்பு முனையில் இருக்கும். எனவே விளக்கு எரிகிறதா என்பதோடு நில்லாமல், எந்த வேகத்தில் இணைப்பு ஏற்பட்டுள்ளது என்பதையும் சுவிட்ச் கருவியில் பார்த்தல் அவசியம்.

கோளாறு அல்லாதவற்றைக் கோளாறென எண்ணுதலும் தவறு. துணைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. சைகை மேலே சென்று திரும்ப ஏறக்குறைய கால் வினாடி ஆகும். ஆசிரியரின் கேள்வி ஒரு முறையும், மாணவரின் விடை மறு முறையும் இவ்வழியைக் கடப்பதால், இடையே அரை வினாடி அமைதி நிலவுதல் இயல்பே. கேயூ அலைவரிசையின் அலைநீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டராதலால் கனமழை அதனை நலிவுறச் செய்யும். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்குவதும் பள்ளிகள் திறப்பதும் ஜூன் மாதத்திலேயே ஆதலின், மழையோடு வந்து மழையோடு நீங்கும் தடையைக் குறித்து வைத்துக்கொள்வது பயன் தரும்.

களப்பணியாளர் கைக்கொள்ள வேண்டிய விதிகள் இரண்டு. வழியின் நடுவிடத்தில் படத்தைச் சோதித்து, அங்கு நன்றாயிருப்பின் கோளாறு அப்பாலுள்ள பாதியில் உளதெனத் துணிக. இவ்வாறே அப்பாதியையும் இரண்டாக்குக. ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றுக; மாற்றியதை ஏட்டில் எழுதுக. பலவற்றை ஒருங்கே மாற்றுபவர் படத்தை மீட்டாலும் காரணத்தை அறியார். அடுத்த முறை அதே கோளாறு பாடவேளையிலேயே திரும்பி வரும்.