வீட்டில் நடக்க எந்திரம் வாங்கப் போறீங்களா? காசை எண்ணும் முன் இதைப் படியுங்கள்!

மதுரை,–

மதுரையில் நடப்பதற்கு இடமா பஞ்சம்? விடிந்தும் விடியாமலும் வண்டியூர் தெப்பக்குளக் கரையைச் சுற்றி ஒரு கூட்டம் நடக்கிறது. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஒரு கூட்டம். திருப்பரங்குன்றத்தில் மலையைச் சுற்றி ஒரு கூட்டம்.

அப்படி இருந்தும் "டிரெட்மில்" என்னும் நடை எந்திரம் வீடுகளுக்குள் நுழைந்து விட்டது. காரணம் இல்லாமல் இல்லை.

ராத்திரி 10 மணிக்குக் கடையைப் பூட்டுகிறவர் எந்த மைதானத்துக்குப் போவார்? சித்திரை வெயிலில் காலை 8 மணிக்கே தார் ரோடு கொதிக்கிறது. இருட்டில் தெரு நாய் துரத்துகிறது. வீட்டுப் பெண்கள் தனியாகப் போகத் தயங்குகிறார்கள்.

இன்னொரு பக்கம் சர்க்கரை வியாதி விரட்டுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் துணையோடு நடந்த நாடு தழுவிய ஆய்வு 2023-ம் ஆண்டு வெளியானது. நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு சர்க்கரை வியாதி என்றது அது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேகமாக நடங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது வாரத்தில் 5 நாள், தினம் அரை மணி நேரம்.

ஜெயிலில் பிறந்தது!

இந்த எந்திரத்தின் பூர்வீகம் இங்கிலாந்து ஜெயில். 1818-ல் வில்லியம் கியூபிட் என்ற என்ஜினீயர், கைதிகளை மணிக்கணக்கில் மிதிக்க வைக்கும் பெரிய சக்கரத்தை அமைத்தார். அது தண்டனை.

1950-களில் அமெரிக்காவில் ராபர்ட் புரூஸ் என்ற டாக்டர், இதய நோயாளிகளை ஓடும் பட்டையில் நடக்க விட்டுச் சோதித்தார். இன்று ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் "டி.எம்.டி." டெஸ்ட் அந்த வழியில் வந்ததுதான்.

அன்று தண்டனை. இன்று காசு கொடுத்து வாங்குகிறோம்! ஆயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தாண்டியும் விலை போகிறது. ஏமாறாமல் வாங்க வேண்டாமா?

குதிரை சக்தியில் கோல்மால்

"4 குதிரை சக்தி மோட்டார் சார், கண்ணை மூடிட்டு வாங்குங்க" என்பார் கடைக்காரர். கண்ணை மூடாதீர்கள்!

ஒரு குதிரை சக்தி என்பது 746 வாட். நாலுக்குக் கிட்டத்தட்ட 3 ஆயிரம் வாட். நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தில் அதற்கு 13 ஆம்பியர் வேண்டும். அதே எந்திரத்தை, "சாதாரண பிளக்கிலேயே போடலாம்" என்றும் சொல்வார். இரண்டும் எப்படிப் பொருந்தும்?

விஷயம் இதுதான். பெட்டியில் பெரிய எழுத்தில் போடுவது உச்ச சக்தி. ஒரு கண நேரம் மட்டுமே எட்டக் கூடியது. நீங்கள் கேட்க வேண்டியது, விடாமல் ஓடும்போது மோட்டார் தரும் தொடர் சக்தி. அதை "சி.எச்.பி." என்று போடுவார்கள். நடக்க மட்டும் என்றால் ஒன்றரை முதல் 2 போதும். ஓடுவதற்கு இரண்டரை முதல் 3 வேண்டும்.

மணிக்கு 16 கிலோ மீட்டர் வேகம் போகும் என்ற பெருமையும் வேண்டாம். வேக நடையே 6 கிலோ மீட்டர்தான்.

டேப்பைக் கையில் எடுங்கள்

நடக்கும் பட்டையின் அகலம் 40 முதல் 45 சென்டிமீட்டர், நீளம் 120 சென்டிமீட்டர் இருந்தால் நடக்கலாம். ஓடுகிறவர்களுக்கு அகலம் 50, நீளம் 140 ஆவது தேவை. குறுகிய பட்டையில் கால் இடறும்.

எந்திரம் தாங்கும் எடையைப் பாருங்கள். உங்கள் எடையை விட 20 கிலோவாவது கூடுதலாக இருக்கட்டும். 90 கிலோ ஆசாமி 100 கிலோ எந்திரத்தில் ஏறினால் மோட்டார் எத்தனை நாள் தாங்கும்?

உயரத்தை மறந்து விடாதீர்கள். பட்டை தரையில் இருந்து அரை அடி மேலே இருக்கும். நடக்கும்போது தலை எழும்பித் தாழும். 5 அடி 8 அங்குலம் உயரம் உள்ளவருக்கு 7 அடியாவது இடைவெளி வேண்டும். பழைய மச்சு வீட்டில், சுற்றும் மின்விசிறிக்கு நேர் கீழே போட்டு விட்டால் ஆபத்து!

பின்பக்கம் 6 அடி காலியாக விடுங்கள். சுவரை ஒட்டிப் போட்டால், விழுகிறவர் பட்டைக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிக் கொள்வார்.

மாடி வீடா? கீழே கனமான ரப்பர் விரிப்பு போடுங்கள். இல்லையேல் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

கரண்ட் போனால் என்ன ஆகும்?

தனி லைனில், எர்த் உள்ள பவர் பிளக்கில்தான் மாட்ட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடாது. வோல்டேஜ் ஏறி இறங்கும் பகுதி என்றால் ஸ்டெபிலைசர் எவ்வளவு பெரியது வேண்டும் என்று கம்பெனியிடமே கேளுங்கள்.

கரண்ட் போனால் பட்டை நிற்கும். மறுபடி வந்ததும் தானாக ஓடத் தொடங்கக் கூடாது. பட்டனை அமுக்கினால்தான் ஓட வேண்டும். கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிச் சோதியுங்கள்.

மின் கட்டணம் பயமுறுத்தாது. சராசரி 500 வாட் இழுத்தாலும், தினம் 40 நிமிடத்துக்கு மாதம் 10 யூனிட்.

குழந்தைகள் உஷார்!

சட்டையில் மாட்டும் பாதுகாப்புச் சாவி கட்டாயம் இருக்க வேண்டும். கால் தவறினால் அது கழன்று எந்திரத்தை நிறுத்தும். நடந்து முடித்ததும் சாவியைக் கழற்றி பீரோவில் வையுங்கள்.

2021-ம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் பெலோட்டான் கம்பெனி தனது ஒரு ரகத்தில் சுமார் 1¼ லட்சம் எந்திரங்களைத் திரும்பப் பெற்றது. பின்பக்கம் உள்ளே இழுக்கப்பட்டு ஒரு குழந்தை பலியானதும், 70-க்கு மேற்பட்ட புகார்கள் குவிந்ததும்தான் காரணம். ஓடும் பட்டை விளையாட்டுச் சாமான் அல்ல.

பில் பத்திரம்

மோட்டாருக்கு எத்தனை வருடம், பட்டைக்கு எத்தனை வருடம் உத்தரவாதம் என்று எழுத்தில் வாங்குங்கள். மதுரையிலேயே பழுது பார்க்க ஆள் உண்டா என்று கேளுங்கள். பட்டைக்கு அடியில் சிலிக்கான் எண்ணெய் விடும் முறையையும் கற்றுக் கொள்ளுங்கள். எண்ணெய் காய்ந்தால் மோட்டார் திணறும். வம்பு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. பில் இல்லாமல் போனால் வழக்கில் நிரூபிப்பது சிரமம்.

பழைய எந்திரம் மலிவாகக் கிடைக்கும். ஆசைப்படலாம். ஆனால் 15 நிமிடம் ஏறி நடந்து பார்த்த பிறகே பணம் கொடுங்கள். தீய்ந்த வாடை அடித்தாலோ, பட்டை ஓரம் பிய்ந்திருந்தாலோ கும்பிடு போட்டு விட்டு வந்து விடுங்கள்.

கடைசியாக ஒன்று. 40 வயதைத் தாண்டியவர்கள், நெஞ்சு வலி, மூட்டு வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டு விட்டு ஏறுங்கள். மற்றவர்களும் உடனே தவணை போட வேண்டாம். எந்திரம் எந்த நேரத்தில் ஓடும் என்று நினைக்கிறீர்களோ, அதே நேரத்தில் 30 நாள் மொட்டை மாடியிலோ, தெருவிலோ நடந்து பாருங்கள். 25 நாள் நடந்திருந்தால் தைரியமாக வாங்கலாம். பத்து நாளில் படுத்து விட்டீர்களா? பணம் மிச்சம். இல்லாவிட்டால் 30 ஆயிரம் ரூபாய்க்குத் துணி காயப்போடும் கொடி வாங்கியதாகி விடும்!