ஜலதோஷத்தோடு ஒரு கச்சேரி!

"அம்மா, மாமா 'முருகா'ன்னு பாடினா 'புருகா'ன்னு கேக்குதும்மா!" என்று என் சின்ன மகள் காதில் கிசுகிசுத்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றைப் பிசையவும் செய்தது. மேடையில் நின்று கொண்டிருந்தவர் எங்கள் வளவில் எதிர் வீட்டு அண்ணன். மாசி மாதம், சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்னக் கிராமம், அம்மன் கோயில் உற்சவம். பனி கொட்டுகிறது. எதிரே ஊரே பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறது. அண்ணனுக்கோ மூன்று நாளாக மூக்கடைப்பு, தொண்டைக் கட்டு!

அண்ணன் பகலில் தையல் மெஷின் மிதிப்பவர். இரவில், திருவிழா மேடைகளில், டி.எம்.எஸ். குரலில் பாடுபவர். இருபத்தைந்து வருஷமாக இதுதான் அவருக்கு இரண்டாவது பிழைப்பு. மதுரைப் பக்கம் இப்படிப் பாடுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. இருக்காதா பின்னே? டி.எம்.சௌந்தரராஜன் நம் மதுரைக்காரர் ஆயிற்றே! 1922-ல் இங்கே பிறந்தவர். 2013 மே மாதம் காலமானார். 2023 ஆகஸ்டில் முனிச்சாலையில் அவருக்குச் சிலையும் வைத்து விட்டார்கள். அந்தப் பக்கம் போகிறபோதெல்லாம் அண்ணன் செருப்பைக் கழற்றி விட்டு ஒரு கும்பிடு போட்டு விட்டுத்தான் வருவார்.

இதில் ஒரு வேடிக்கை என்ன தெரியுமா? அந்த டி.எம்.எஸ்.ஸே முதலில் இன்னொருவர் மாதிரிப் பாடித்தான் பெயர் வாங்கினார். இளம் வயதில் எம்.கே.தியாகராஜ பாகவதரின் பாட்டுகளை அச்சு அசலாகப் பாடுவாராம். 1950-ல் வந்த 'கிருஷ்ண விஜயம்' படத்தில் அவர் பாடியதைக் கேட்டால் பாகவதர் சாயல் நன்றாகவே தெரியும். பிறகுதான் தனக்கென்று ஒரு குரலை உண்டாக்கிக் கொண்டார். சிவாஜிக்கு ஒரு விதம், எம்.ஜி.ஆருக்கு ஒரு விதம் என்று கண்ணை மூடிக் கொண்டு கேட்டாலே யார் என்று தெரிகிற மாதிரி பாடினார். அவரைப் போலப் பாடுகிறவருக்கு இந்த இரண்டும் வர வேண்டும். நல்ல நாளிலேயே அது லேசு இல்லை. ஜலதோஷ நாளில் கேட்கவே வேண்டாம்.

கச்சேரிக்கு இரண்டு நாள் முன்னால் மதினி என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அவுக தொண்டை சுத்தமாப் போச்சு. போக வேண்டாம்னு சொல்லுறேன், கேக்க மாட்டேங்கிறாக. நீங்க ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க."

"வேற யாரையாவது அனுப்ப முடியாதா மதினி?"

"உற்சவ நாள். பாடுறவுக எல்லாருக்கும் அன்னிக்கு ராத்திரி ஒரு ஊரு இருக்கு. அட்வான்ஸ் பணத்தைப் புள்ள காலேஜ் ஃபீஸுக்குக் கட்டியாச்சு. அதை விடுங்க, கடன் வாங்கித் திருப்பிக் குடுத்துடலாம். கூட வாசிக்கிற பதினோரு பேரும் அன்னிக்குக் கூலியை நம்பி இருக்காகளே!"

இதற்கு நான் என்ன சொல்ல? காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய் வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். நானும் துணைக்குப் போனேன்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நம் தொண்டைக்குள் குரல் நாண்கள் என்று இரண்டு மெல்லிய மடிப்புகள் இருக்கின்றன. மூச்சுக் காற்று பட்டு அவை அதிர்வதால்தான் குரல் வருகிறது. சாதாரணமாகப் பேசும்போதே ஆண்களுக்கு நொடிக்கு நூறு தடவைக்கு மேல், பெண்களுக்குச் சுமார் இருநூறு தடவை அதிரும். உச்சஸ்தாயியில் பாடினால் இன்னும் பல மடங்கு. ஜலதோஷக் கிருமியால் அந்த மடிப்பு வீங்கிக் கனத்து விட்டால் அதிர்வு சீராக வராது. குரல் கரகரக்கும், இறங்கிப் போகும். அந்த நிலையில் வலுக்கட்டாயமாகக் கத்தினால் உள்ளே ரத்தம் கட்டிக் கொள்ளக் கூடும். அடிக்கடி அப்படிச் செய்தால் காய்ப்புப் போல முடிச்சுகள் வந்து குரலே மாறிப் போகலாம்.

"பாடாமல் இருப்பது உத்தமம். பாடித்தான் தீர வேண்டுமென்றால் பாதியாகக் குறையுங்கள், சுருதியை இறக்குங்கள். வலித்தாலோ குரல் திடீரென்று அறுந்தாலோ அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். தொண்டையை மரக்கச் செய்கிற மிட்டாயைச் சப்பிக் கொண்டு பாடாதீர்கள். வலி தெரியாமல் போனால் ஆபத்து தெரியாது" என்றார்.

'புருகா' ரகசியமும் அன்றுதான் புரிந்தது. 'ம', 'ன', 'ங' எல்லாம் மூக்கு வழியாகக் காற்று போனால்தான் ஒலிக்குமாம். மூக்கு அடைத்தால் 'ம' என்பது 'ப' ஆகி விடும். 'மதுரை' என்பது 'பதுரை'தான்!

அதிலிருந்து கச்சேரி வரைக்கும் மதினி அண்ணனைப் பேசவே விடவில்லை. மகளின் பழைய சிலேட்டு ஒன்றைத் தேடிக் கையில் கொடுத்து விட்டாள். குசுகுசுவென்று பேசுவதும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவும் தொண்டையை இறுக்கத்தான் செய்யுமாம். காலை மாலை ஆவி, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பு, அடிக்கடி தண்ணீர், இரவில் மிளகும் மஞ்சளும் பனங்கற்கண்டும் போட்ட பால். நான் கற்பூரவல்லி இலையும் துளசியும் சுக்கும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன்.

கச்சேரி அன்று இருபத்திரண்டு பாட்டு எழுதி வைத்திருந்த பட்டியலை ஒன்பதாகச் சுருக்கி விட்டார் அண்ணன். உச்சஸ்தாயிப் பாட்டுகளைக் குழுவில் இருக்கும் இளம் பையனிடம் கொடுத்தார். ஜோடிப் பாட்டுகளில் பெண் குரல் முன்னால் நின்றது. கீபோர்டுக்காரர் ஒரு பொத்தானைத் தட்டி ஒன்றரைக் கட்டை சுருதியை இறக்கி விட்டார். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது அவர் மைக்கைப் பிடித்துச் சொன்னதுதான்.

"தாய்மார்களே, பெரியவங்களே! எனக்குத் தொண்டை கட்டியிருக்கு. அதை மறைச்சுப் பாட மனசு வரலை. முடிஞ்ச மட்டும் பாடுறேன். முடியாத இடத்துல நீங்க பாடுங்க."

கூட்டம் கொஞ்ச நேரம் சலசலத்தது. விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். அப்போது முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, "மெதுவாப் பாடுப்பா, நாங்க எங்க போகப் போறோம்?" என்று குரல் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் யார் வீட்டிலிருந்தோ ஒரு சொம்பில் சுக்குக் காப்பி மேடைக்கு வந்தது.

முதல் பாட்டு முருகன் பாட்டு. அதில்தான் என் மகள் கிசுகிசுத்தாள். நாலாவது பாட்டில் சரணம் மேலே ஏறுகிற இடத்தில் குரல் பட்டென்று நின்றது. எனக்கு மூச்சே நின்ற மாதிரி இருந்தது. மேடை ஓரத்தில் மதினி கையைப் பிசைந்து கொண்டு நிற்கிறாள். அண்ணன் டாக்டர் சொன்னதை மறக்கவில்லை. மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார். அந்த அடியை ஊரே பாடியது! பெண்கள்தான் முதலில் எடுத்தார்கள். டி.எம்.எஸ். பாட்டு யாருக்குத்தான் தெரியாது? மீதிப் பாட்டுகளில் அவர் கீழ் ஸ்தாயியைப் பார்த்துக் கொண்டார், ஊர் மேல் ஸ்தாயியைப் பார்த்துக் கொண்டது. பதினோரு பேருக்கும் கூலி முழுசாகக் கிடைத்தது.

ஆனால் சகோதரிகளே, கதை அதோடு முடியவில்லை. மறுநாள் அண்ணனுக்குக் குரல் துளியும் இல்லை. அடுத்த வாரம் ஒப்புக் கொண்டிருந்த கல்யாண வரவேற்புக் கச்சேரி கை விட்டுப் போனது. "ஒண்ணைக் காப்பாத்தி ஒண்ணை விட்டாச்சு" என்றாள் மதினி. குரல் பழையபடி திரும்பப் பதினைந்து நாள் ஆயிற்று. திரும்பியதே, அது அம்மன் புண்ணியம்.

1969-ல் வந்த 'அடிமைப்பெண்' படத்துக்குப் பாட இருந்த எஸ்.பி.பாலசுப்ரமணியம் டைபாய்டு காய்ச்சலில் படுத்து விட்டார். அப்போது அவர் புதுப் பையன். வேறு பாடகரைப் போட்டு முடித்திருக்கலாம். ஆனால் எம்.ஜி.ஆர். அவருக்கு உடம்பு தேறுகிற வரையில் காத்திருந்து பாட வைத்தார். பிறகு அந்தக் குரல் ஐம்பது வருஷம் ஒலித்ததை நாம் அறிவோம். காத்திருக்க ஓர் ஆள் இருந்தால் உடம்பு தேறும், தொழிலும் தேறும். அண்ணனைப் போன்றவர்களுக்குக் காத்திருக்க யார் இருக்கிறார்கள்?

இதை எழுதும்போதே என் நினைவு நம் மேலும் போகிறது. நமக்கும் தினம் தினம் கச்சேரிதானே? மூக்கை முந்தானையால் துடைத்துக் கொண்டே இட்லி ஊற்றுகிறோம். கட்டிய தொண்டையோடு, "டேய், பஸ் வந்திடும், எழுந்திருடா!" என்று கத்துகிறோம். போன வருஷம் நான் அப்படிக் கத்திக் கத்தி ஒரு மாதம் கரகரத்த குரலோடு திரிந்தேன். யாரும் கேட்கவில்லை என்று குறைப்பட்டேன். நானும் யாரிடமும் சொல்லவில்லை என்பது அந்தக் கச்சேரியைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

இளம் தாய்மார்களுக்காக, டாக்டரிடம் கேட்டுக் கொண்ட சில விஷயங்கள்:

* ஜலதோஷம் வைரஸ் கிருமியால் வருவது. அதில் 200-க்கும் மேற்பட்ட வகை உண்டு. ஐஸ் தண்ணீர் மேல் மட்டும் பழி போடாதீர்கள். கைகள் மூலமும் பரவும். அடிக்கடி சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சாதாரண ஜலதோஷத்துக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது.

* குடிக்கிற கஷாயம் குரல் நாணைத் தொடுவதில்லை. அது உணவுக் குழாய் வழியாகப் போய் விடும். தொண்டைக்கு இதமாக இருக்கும், உடம்பில் ஈரப்பதம் கூடும், அவ்வளவுதான். ஓய்வே முதல் மருந்து.

* தொண்டையை 'க்ஹும்' என்று செருமாதீர்கள். ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள்.

* ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் வேண்டவே வேண்டாம். கற்பூரம் கலந்த தைலத்தைக் கைக்குழந்தைக்குத் தடவாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கொதிக்கிற தண்ணீரில் ஆவி பிடிக்க வைத்துச் சுட்டுக் கொள்ளாதீர்கள்.

* ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் அதிமதுரம் சாப்பிடக் கூடாது.

* குழந்தைக்கு மூச்சு விடும்போது விலா உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு ஓடுங்கள். பெரியவர்களுக்கு மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரத்தால் கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்லி விடுகிறேன். அண்ணன் அன்று மைக்கில் சொன்ன மாதிரி நாமும் வீட்டில் வாய் விட்டுச் சொல்லி விட வேண்டும்: "இன்னிக்கு எனக்கு முடியலை. முடிஞ்சதைச் செய்றேன், மீதியை நீங்க பாருங்க." போன மாதம் எனக்கு ஜலதோஷம் வந்தபோது அப்படித்தான் சொன்னேன். இவர் குக்கரில் சாதம் வைத்தார்; கொஞ்சம் குழைந்து விட்டது. பிள்ளைகள் ரசத்தில் உப்பை மறந்து விட்டார்கள். ஆனாலும் நான் மூன்றே நாளில் எழுந்து விட்டேன்!