மறதியா, கால் தளர்ச்சியா?

பக்கவாத ஆய்வில் எலியின் மூளைத் திசு எவ்வளவு செத்தது என்பதைச் சாயமேற்றி அளந்துவிடலாம். அந்த எலியால் எது முடியாமல் போனது என்பதை அதன் நடத்தைதான் சொல்லும். கழுத்துத் தமனி வழியே மெல்லிய நைலான் இழையைச் செலுத்தி நடு மூளைத் தமனியை அடைக்கும் முறையை 1989-ல் லோங்கா குழுவினர் விவரித்தனர். பாதிப்புக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண்ணும் வகுத்தனர். அடைத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்க முன்கால் முழுதாக நீளாவிட்டால் 1. ஒரே பக்கமாகச் சுற்றினால் 2. அந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தால் 3. தானாக நடக்கவே முடியாவிட்டால் 4.

இது முரட்டு அளவுகோல். எலி சீக்கிரமே தேறிவிடும், அல்லது நல்ல காலை வைத்துச் சமாளிக்கக் கற்றுக்கொள்ளும். அந்தச் சமாளிப்பையும் பிடிக்க நுட்பமான சோதனை வேண்டும். ஒன்றில், இரு முன்பாதங்களிலும் சிறு ஒட்டுத்தாள் ஒட்டப்படுகிறது. ஒட்டியிருப்பதை எலி கவனிக்க ஆகும் நேரம் தனி. பல்லால் கடித்து இழுத்துப்போட ஆகும் நேரம் தனி. முன்னது தொடு உணர்வைக் காட்டும், பின்னது அசைவுத் திறனை. நிமிர்ந்த கண்ணாடி உருளைக்குள் விட்டால் எலி எழுந்து நின்று சுவரைத் தடவும். எந்த முன்காலை எத்தனை முறை ஊன்றுகிறது என்று எண்ணினால் போதும்.

நினைவாற்றலைச் சோதிப்பதில் பெயர்பெற்றது ரிச்சர்ட் மோரிஸின் நீர்த்தொட்டி. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1981-ல் அவர் இதை வெளியிட்டார். பால் கலந்து கலங்கலாக்கிய நீருக்கடியில் ஒரு மேடை மறைந்திருக்கும். அறையிலுள்ள அடையாளங்களை வைத்து எலி அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பழகியபின் மேடையை எடுத்துவிடுவார்கள். இடம் நினைவிருந்தால் எலி அந்தப் பகுதியையே சுற்றிச்சுற்றி நீந்தும்.

சிக்கல் இங்கேதான். எலி மேடைக்குத் தாமதமாக வந்தால் அது மறதியாலா, கால் தளர்ந்ததாலா? நடு மூளைத் தமனி அடைப்பு பெரும்பாலும் மூளையின் வெளியடுக்கான புறணியையும், உள்ளே அசைவோடு தொடர்புடைய ஸ்ட்ரையாட்டத்தையும் தாக்குகிறது. இட நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பல நேரம் தப்பிவிடும். அதனால் நீந்தும் வேகத்தைத் தனியே கணக்கிட்டு, மேடையை வெளியே தெரியும்படி வைத்தும் ஒருமுறை நீந்தவிடுகிறார்கள். அதையும் அடையத் தடுமாறும் எலியின் தாமதத்தை மறதிக் கணக்கில் எழுதக்கூடாது. இந்தச் சரிபார்ப்பில்லாத நினைவு முடிவுகளைச் சந்தேகத்தோடு படிப்பதே நல்லது.

சோதனையை நடத்தும் விதமும் முடிவை மாற்றிவிடும். எலியிடம் பலன் தந்த என்எக்ஸ்ஒய்-059 என்ற பக்கவாத மருந்து, 2007-ல் வெளியான பெரிய மனிதச் சோதனையில் தோற்றது. அதன் விலங்கு ஆய்வுகளைப் பின்னர் அலசியபோது, குலுக்கல் முறையில் குழு பிரிக்காத ஆய்வுகளிலும் மருந்து பெற்ற எலி எது என்பதை அளப்பவரிடம் மறைக்காத ஆய்வுகளிலும் பலன் கூடுதலாகத் தெரிந்திருந்தது.