ஆழ்கடலில் ஒரு குடித்தனம்

"வாத்தியாரய்யா! நீங்கள் நாலும் படித்தவர். உள்ளதைச் சொல்லுங்கள். கடலுக்கு அடியிலே மாசக் கணக்காக மனுஷன் எப்படி இருப்பான்? மூச்சு விடக் காற்று வேண்டாமா?"

காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில் நான் உட்கார்ந்திருந்தபோது, அந்த வீட்டு அம்மாள் இவ்வாறு கேட்டாள். உள்ளே குழித்தறியில் அவளுடைய கணவர் மிதியை அழுத்துவதும் நாடாவை வீசுவதுமாக இருந்தார். பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால், பள்ளிக்கூடம் விட்டதும் அதே தறியின் பக்கத்தில் உட்கார்ந்து, கோர்வைச் சேலையின் கரைக்கு நாடா கோத்துக் கொடுத்தவன் அவர்களுடைய மூத்த மகன். என்னிடம் பௌதிகம் படித்தவன். இப்போது கடற்படையில் சேர்ந்து, நீர்மூழ்கிக் கப்பலில் உத்தியோகம் பார்க்கிறான். எந்தக் கப்பல் என்று அவன் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அன்று அந்த அம்மாளுக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. பாடப் புத்தகத்துப் பதில்கள் ஒரு தாயாரின் கேள்விக்குப் போதுவதில்லை. ஆகவே அந்தக் கோடை விடுமுறையில் சில நூல்களைத் தேடிப் படித்தேன். விசாகப்பட்டினத்துக்கும் ஒரு நடை போய் வந்தேன். அங்கே கடற்கரை மணலில் 'குர்சுரா' என்ற நீர்மூழ்கிக் கப்பலைக் கரையேற்றிக் காட்சிசாலையாக வைத்திருக்கிறார்கள். 1969 முதல் 2001 வரையில் நமது கடற்படையில் சேவை செய்த கப்பல் அது. நீளம் 91 மீட்டர். அதற்குள்ளே சுமார் 75 பேர் குடித்தனம் செய்தார்கள். ஒரு அறையிலிருந்து மற்றொரு அறைக்குப் போக வட்டமான துவாரம் ஒன்றுதான் வழி. தலையையும் காலையும் ஒருங்கே மடக்கினால்தான் நுழைய முடியும். என் தேக வாகுக்கு அது சுலபமாக இல்லை என்பதை வாசகர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

குர்சுரா எண்ணெயில் ஓடிய கப்பல். எண்ணெய் யந்திரத்துக்குக் காற்று வேண்டும். ஆகையால் அது ஜலத்துக்குள் இருக்கும்போது மின்கலங்களின் சக்தியில்தான் ஓடும். அந்தச் சக்தி தீர்ந்ததும், மூச்சு வாங்க வரும் ஆமையைப் போல மேலே வந்து, குழாயை நீட்டிக் காற்றை இழுத்தாக வேண்டும். எதிரியின் கண்ணில் படுவதும் அப்போதுதான்.

கல்பாக்கத்துக் கொதிகலன்

இந்தக் கஷ்டத்தைத் தீர்த்தது அணுசக்தி. அமெரிக்கர்களின் 'நாட்டிலஸ்' என்ற கப்பல் 1955-ஆம் வருஷம் ஜனவரியில் முதன்முதலாக அணுசக்தியால் ஓடிற்று. 1958-இல் பனிக்கட்டிக்கு அடியிலேயே சென்று வடதுருவத்தைக் கடந்தது. நமது தேசம் 1988-இல் சோவியத் ரஷ்யாவிடமிருந்து ஒரு கப்பலைக் குத்தகைக்கு வாங்கிச் 'சக்ரா' என்று பெயரிட்டு, மூன்று வருஷம் பழகிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தது. பிறகு சொந்தமாகவே ஒன்றைக் கட்டி முடித்து, 2009 ஜூலை 26-ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் ஜலத்தில் இறக்கியது. பிரதம மந்திரியின் மனைவியார் குர்சரண் கௌர் தேங்காய் உடைத்து அந்த வைபவத்தை நடத்தினார். 'அரிஹந்த்', அதாவது பகைவரை அழிப்பவன், என்பது அதன் பெயர். எடை சுமார் 6,000 டன்; நீளம் 110 மீட்டருக்குச் சற்று அதிகம். 2016-இல் அது சேவையில் சேர்ந்தது. 2024 ஆகஸ்டில் 'அரிகாட்' என்ற தம்பியும் வந்து சேர்ந்தான்.

இதில் நம் ஊர்க்காரர்களுக்குச் சொந்தமான விஷயம் ஒன்று உண்டு. அரிஹந்தின் அணு உலையைக் கப்பலில் வைப்பதற்கு முன்பு, அதே மாதிரியில் ஓர் உலையை நிலத்தில் கட்டி ஓட்டிப் பார்த்தார்கள். அதைக் கட்டிய இடம் கல்பாக்கம். காஞ்சியிலிருந்து செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக இரண்டு மணி நேரத்துப் பிரயாணம். 2019-இல் செங்கற்பட்டு தனி ஜில்லாவாகப் பிரிகிற வரையில் அந்த ஊர் நமது காஞ்சீபுரம் ஜில்லாவைச் சேர்ந்ததுதான். 2006 முதல் அங்கே ஓடிக் கொண்டிருந்த உலையைப் பற்றி 2009 ஆகஸ்டில்தான் அரசாங்கத்தார் வெளியே சொன்னார்கள். அதற்கு முன்பு எத்தனையோ முறை பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கமாக மகாபலிபுரம் போயிருக்கிறேன். பல்லவர் கட்டிய கல் கோயிலைப் பற்றி மணிக்கணக்கில் பேசிய எனக்கு, பக்கத்தில் ஒரு கப்பலின் இருதயம் துடித்துக் கொண்டிருந்தது தெரியாமல் போயிற்று!

அந்த இருதயம் வேலை செய்யும் விதம் சமையலறையில் இருப்பவர்களுக்குச் சட்டென்று விளங்கும். பிரஷர் குக்கரில் ஆவி வெளியே போகாமல் அடைபட்டிருப்பதால், ஜலம் 100 டிகிரிக்கு மேலே சூடேறுகிறது அல்லவா? அணு உலையில் யுரேனிய அணுக்கள் பிளந்து பிறக்கும் உஷ்ணத்தை, மிகுந்த அழுத்தத்தில் கொதிக்கவிடாமல் வைத்திருக்கும் ஜலம் ஏந்திக் கொள்ளுகிறது. அந்த ஜலம் வேறொரு பாத்திரத்திலுள்ள ஜலத்தை ஆவியாக்குகிறது. ஆவி சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் கப்பலைத் தள்ளுகிறது. இதற்குக் காற்று வேண்டியதில்லை. ஒரு தடவை இட்ட யுரேனியம் வருஷக் கணக்கில் வரும்.

காற்றும் சோறும்

இனி, அந்த அம்மாளின் கேள்விக்கு வருகிறேன். காற்று ஏது?

ஜலத்திலேயே பிராணவாயு இருக்கிறது. சமுத்திர ஜலத்தைக் காய்ச்சி வடித்து, உப்பைப் போக்கி, அதில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஜலம் இரண்டாகப் பிரிந்துவிடும். பிராணவாயுவைக் கப்பலுக்குள் விட்டுவிட்டு, மற்றதைக் கடலில் தள்ளிவிடுகிறார்கள். ஒரு லிட்டர் ஜலத்தைப் பிரித்தால், ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய பிராணவாயு ஏறக்குறையக் கிடைத்துவிடும். வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை ஒருவகை ரசாயனத் திரவத்தில் இழுத்துக் கழித்துவிடுகிறார்கள். குடிப்பதற்கும் குளிப்பதற்கும் ஜலம் அதே கடல்தான். ஆக, காற்றும் தண்ணீரும் தீருவதில்லை. தீருவது சோறுதான்! இந்தக் கப்பல்கள் கரைக்குத் திரும்பும் நாளை உண்மையில் நிர்ணயிப்பது சமையற்கட்டே.

புறப்படும்போது உணவுப் பெட்டிகளை வைக்க இடம் போதாமல், நடைபாதைத் தரையிலேயே பரப்பி அவற்றின் மேல் நடப்பார்கள். நாள் ஆக ஆகப் பெட்டிகள் குறையும். தரை கீழே இறங்கும். தலைக்கு மேலே இடம் கிடைக்கும். பசுங்காய்கறிகள் முதல் இரண்டு வாரத்துக்குள் தீர்ந்துவிடும். அப்புறம் உறையவைத்ததும் டப்பியில் அடைத்ததும்தான்.

பகலும் இரவும் அங்கே கடிகாரத்தில் மட்டுமே உண்டு. வெளியே இரவு என்றால் உள்ளே சிவப்பு விளக்கைப் போடுவது வழக்கம். அமெரிக்கக் கடற்படையார் வெகுகாலம் ஆறு மணி காவல், பன்னிரண்டு மணி மற்ற வேலையும் ஓய்வும் என்று பதினெட்டு மணி நேரத்தையே ஒரு நாளாகக் கணக்கிட்டு வந்தார்கள். தேகம் அதற்கு இணங்கவில்லை என்று கண்டு, சமீப வருஷங்களில் இருபத்துநாலு மணிக்கே திரும்பிவிட்டார்கள். சூரியனைப் பார்க்காவிட்டாலும் தேகம் சூரியனை மறப்பதில்லை போலும்! படுக்கைக்கு இடம் போதாத கப்பல்களில், ஒருவர் காவலுக்கு எழுந்து போனதும் அந்தச் சூடு ஆறுவதற்குள் மற்றொருவர் அதே படுக்கையில் படுத்துவிடுகிறார்.

அணு உலைக்குப் பக்கத்தில் இருப்பது ஆபத்தில்லையா என்று கேட்கலாம். உலையைச் சுற்றிக் கனத்த தடுப்புச் சுவர்கள் உண்டு. மாலுமிகள் ஒவ்வொருவரும் கதிர்வீச்சை அளக்கும் சிறு கருவியை அணிந்திருப்பார்கள். ஆகாயத்திலிருந்து நம் மீது ஓயாமல் விழும் கதிர்களைச் சமுத்திரம் தடுத்துவிடுவதால், ஆழத்தில் இருப்பவர்களுக்கு அந்த வகையில் நம்மைவிடக் குறைவுதான். ஆனால் ஆழத்துக்கு அதற்கே உரிய ஆபத்து உண்டு. 300 மீட்டர் ஆழத்தில் ஓர் உள்ளங்கை அளவு இடத்தின் மேல் சுமார் 3,000 கிலோ பாரம் அழுத்துகிறது. 1963-இல் 'த்ரெஷர்' என்ற அமெரிக்கக் கப்பல் 129 பேரோடு அமிழ்ந்துபோயிற்று. 2000-ஆம் வருஷம் ரஷ்யாவின் 'குர்ஸ்க்' கப்பலில் 118 பேர் மாண்டார்கள். இதை அந்த அம்மாளிடம் நான் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

மௌனமே கவசம்

இந்தக் கப்பலுக்குப் பெரிய பாதுகாப்பு அதன் இரும்புத் தோல் அல்ல, மௌனம். ஜலத்தில் ஒளி வெகுதூரம் போகாது, ஓசை போகும். திருகுளி ஒன்று கைதவறி விழுந்தால், அந்தச் சத்தம் எதிரியின் காதில் விழக்கூடும். ஆகவே கதவை மெள்ளச் சாத்துவதும், பாத்திரத்தை மெள்ள வைப்பதும் அங்கே இங்கிதம் மட்டுமல்ல, கடமை. (நம் வீட்டுக் குழந்தைகளைப் பத்து நாள் அங்கே அனுப்பி வைத்தால் தேவலை!) ஓசையைக் கேட்பதற்கென்றே காதில் கருவியை மாட்டிக்கொண்டு சிலர் உட்கார்ந்திருப்பார்கள். திமிங்கிலத்தின் பாட்டும், சில ஜாதி இறால்கள் கொடுக்கைச் சொடுக்குவதால் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் எழும் சத்தமும் அவர்களுக்குப் பழக்கம். அவற்றுக்கு நடுவே வேற்றுக் கப்பலின் சுழற்சியைப் பிரித்தறிவதுதான் வித்தை.

மௌனமாக இருப்பவர்கள் பேசவும் மாட்டார்கள் அல்லவா? கப்பலிலிருந்து செய்தி அனுப்பினால் இருக்குமிடம் தெரிந்துவிடும். ஆகையால் கேட்க மட்டும் செய்வார்கள். அவர்களுக்குச் செய்தி சொல்லும் நிலையமும் நம் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. திருநெல்வேலி ஜில்லா விஜயநாராயணத்தில் 1990-இல் அமைந்த அதற்குக் கட்டபொம்மன் பெயரை இட்டிருக்கிறார்கள். சாதாரண ரேடியோ அலைகள் கடல் ஜலத்துக்குள் நுழையமாட்டா. மிக நீளமான அலைகள் மட்டும் சில மீட்டர் ஆழம் இறங்கும். அவற்றை எழுப்ப 471 மீட்டர் உயரமான கம்பங்கள் அங்கே நிற்கின்றன. நமது ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தை எட்டு முறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வரும் உயரம் அது.

நாற்பது வார்த்தை

பிரிட்டிஷ் கடற்படையில் ஒரு பழக்கம் இருந்தது. ரோந்து போன மாலுமிக்கு வாரத்துக்கு ஒரு முறை வீட்டார் நாற்பது வார்த்தை எழுதி அனுப்பலாம். பதில் வராது. புறப்படுவதற்கு முன்பே ஒவ்வொருவரையும் கேட்டு வைத்துக் கொள்ளுவார்கள்: "வீட்டில் யாராவது காலமானால் உமக்கு அங்கேயே சொல்லலாமா, திரும்பி வந்த பிறகு சொல்லலாமா?" பலர் திரும்பி வந்த பிறகு என்றே சொல்வார்களாம். நடுக்கடலில் தெரிந்து கொண்டு, யாரிடம் அழுவது? எந்த வண்டி ஏறி ஊருக்கு வருவது?

இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பிள்ளையார்பாளையத்து வீடு நினைவுக்கு வந்தது. ஏனென்றால் நான் விசாகப்பட்டினத்திலிருந்து திரும்பிய சில மாதங்களில், அந்தப் பையனின் பாட்டி காலமானாள். அவனைத் தூக்கி வளர்த்தவள். கடைசி வரையில் திண்ணையில் உட்கார்ந்து பட்டு இழை சுற்றிக் கொண்டிருந்தவள். அவன் அப்போது கடலில் இருந்தான். "எப்படியாவது ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாமா?" என்று தகப்பனார் என்னைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அந்த அம்மாள் சொன்னாள்: "வேண்டாம் ஐயா. அவன் அங்கே தவித்து என்ன ஆகப் போகிறது? கையில் இருக்கிற வேலை கெடும். கரைக்கு வந்த பிறகு நானே சொல்லிக் கொள்ளுகிறேன்."

கருமாதி எல்லாம் முடிந்து வெகுநாள் கழித்து அவன் வந்தான். வாசற்படியிலேயே தாயார் சொல்லிவிட்டாள். அவன் ஒன்றும் பேசாமல் பாட்டியின் ராட்டினத்தண்டை வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் தகப்பனாருக்குப் பக்கத்தில் தறியில் போய் உட்கார்ந்து, பழையபடி கரைக்கு நாடா கோத்துக் கொடுத்தான்.

மறுநாள் என்னைப் பார்க்க வந்தபோது தகப்பனாரும் கூட வந்தார். அவர் ஒரு கேள்வி கேட்டார்: "நான் பதினைந்து நாள் உட்கார்ந்தால் ஒரு சேலை முடிகிறது, எடுத்து விரித்துக் காட்டலாம். இவன் இத்தனை மாசம் இருந்துவிட்டு வருகிறானே, இவன் என்ன செய்து முடித்தான் என்று யாராவது கேட்டால் நான் எதைக் காட்டுவது?"

அஹிம்சையைப் போதித்த மகாத்மா பிறந்த தேசத்தில், அணு ஆயுதம் தாங்கிய கப்பல் எதற்கு என்ற கேள்வியும் இதற்குள்ளே அடங்கியிருக்கிறது. நாம் முதலில் அணு ஆயுதத்தைப் பிரயோகிப்பதில்லை என்று 2003-இல் நமது அரசாங்கம் தன் கொள்கையை வெளியிட்டது. அப்படியானால், முதலில் அடிபட்ட பிறகும் அழியாமல் எஞ்சி நிற்கும் ஒன்று நம்மிடம் இருக்கிறது என்று பிறர் அறிந்திருக்க வேண்டும். அறிந்தால் அடிக்க யோசிப்பார்கள். இந்தக் கப்பல் அதற்குத்தான் என்பது அரசாங்கத்தாரின் வாதம். இந்த வாதம் எனக்கு முழு நிம்மதி தருகிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பையன் தகப்பனாருக்குச் சொன்ன பதில் மனத்தில் நிற்கிறது.

"அப்பா, ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் எங்கள் சேலை" என்றான் அவன்.

தகப்பனார் சற்று யோசித்தார். பிறகு, "அப்படியானால் அது எப்போதும் மடித்தபடியே இருக்கட்டும்" என்றார்.