முருகைக்கல் தொட்டிக்கு எந்த விளக்கு?

அப்புத்தளையில் கடல்நீர்த் தொட்டி வைக்க விரும்பும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, விளக்கு எத்தனை வாற்று என்றுதான். எந்த முருகையை வளர்க்கப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

முருகைக்கல் ஓர் உயிரி. அதன் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளியால் உணவு தயாரித்து, அதில் பெரும்பங்கை முருகைக்குக் கொடுக்கின்றன. விளக்குத்தான் அதற்குச் சோறு.

கடல்நீர் சிவப்பொளியை மேல்மட்டத்திலேயே உறிஞ்சிவிடும். நீலம் ஆழத்துக்கு இறங்கும். ஆகவே 420 முதல் 480 நனோமீற்றர் வரையான நீல ஒளி கூடிய எல்.ஈ.டி. விளக்கே பொருத்தம். கண்ணுக்குப் பிரகாசமான வீட்டு மின்குமிழ் உதவாது. தாவரங்களுக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் ‘பார்’ அளவில், மென்முருகைகளுக்கு 50–150, கிளைவிடும் வன்முருகைகளுக்கு 200–350 தேவை. தொட்டி ஆழமானால் விளக்கும் வலுவாக வேண்டும்.

புதிய விளக்கைப் பாதி வலுவில் தொடங்கி, சில வாரங்களில் மெல்லக் கூட்டுங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் முருகை வெளிறிவிடும். நாளுக்கு 8–10 மணிநேரம் போதும்.

மலைநாட்டு இரவுக்குளிரில் நீரை 25 பாகையில் வைத்திருக்க வெப்பமாக்கி தனியே வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒருநாள் இருட்டை முருகை தாங்கும். நீரோட்டமும் சூடும் நின்றால் தாங்காது. பற்றரி இருந்தால் முதலில் நீர்ப்பம்பிக்குக் கொடுங்கள்.

இவ்வளவும் கட்டுப்படியாகாது என்றால் வாங்காதிருப்பதே நல்லது. நம் கடலில் முருகையைப் பெயர்த்தெடுப்பது சட்டப்படி குற்றம். நிலாவெளிக்கு அப்பால், 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவில் அதை அதன் இடத்திலேயே பார்க்கலாம்.