மாவை இழையாக்கும் கை



இலக்கியத் தொடரொன்றிலே இடியப்பத்துக்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்வதற்கு முன்னர் நான் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கல்முனையில் மாலை வகுப்பொன்றிலே உயர்தர மாணவர்களுக்குப் பத்துப்பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து கற்கும் வகுப்பு அது. அன்றைய பாடம் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிர்ப்படும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்லும் பாட்டு. 500 அடிகளைக் கொண்டது. எந்த ஊரில் எவர் வீட்டில் என்ன உணவு கிடைக்கும் என்று சொல்லிச் சொல்லியே வழி காட்டுவது அதன் தனிச் சிறப்பு.

அந்தப் பாட்டிலே ஓர் உவமை வருகிறது. காஞ்சி மரத்தைச் சுற்றிப் படர்ந்த குருகுக் கொடியின் பூக்கள், நிழல் விழுந்த மணற்பரப்பிலே நிற்கும் நீரின்மேல் உதிர்கின்றன. அந்தக் காட்சி எப்படி இருந்ததென்றால், அப்பம் செய்து விற்கும் கூவியர் பாகோடு சேர்த்து உருவாக்கிய, நூலிழைகள் சூழ்ந்த வட்டங்கள் பாலிலே கிடப்பதைப் போல இருந்ததாம்.

"இது ஒருவகைத் தின்பண்டம்" என்று சொல்லிவிட்டு நான் அடுத்த பகுதிக்குப் போனேன். அப்பொழுது பின்வரிசையில் இருந்த மருதமுனை மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், அது பாலுக்குள்ள போட்ட இடியப்பம்தானே?" என்றாள். வகுப்பு சிரித்தது. அவளுடைய தாயார் இடியப்பம் அவித்து விற்பவர் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். அவள் இருந்துகொண்டாள். அதற்குப் பிறகு அந்த மாதம் முழுவதும் அவள் வகுப்பிலே வாய் திறக்கவில்லை.

பின்னர், இந்திய உணவின் வரலாற்றை எழுதிய கே. டி. அச்சயா என்ற அறிஞரின் கருத்தை அறிய நேர்ந்தது. இடியப்பமும் அப்பமும் சங்க காலத்திலேயே தமிழகத்தில் அறியப்பட்டிருந்தன என்றும், சங்கப் பாடல்களே அதற்குச் சான்று என்றும் அவர் கொள்கிறார். பட்டம் பெற்ற ஆசிரியனுக்குத் தோன்றாதது, விடியற்காலையில் தாய்க்குத் தட்டு எடுத்துக் கொடுத்த பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது. அடுத்த வகுப்பிலே எல்லாருக்கும் முன்னால் அதைச் சொன்னேன். அவள் மெல்லச் சிரித்து, "அத எங்கட உம்மாட்ட வந்து சொல்லுங்க சேர்" என்றாள். போனேன். அங்கே நான் சொன்னது கொஞ்சம், கற்றுக்கொண்டதே அதிகம். இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

அதிகாலை நான்கரை மணி. சுபஹுத் தொழுகைக்கான பாங்கு இன்னும் ஒலிக்கவில்லை. அந்த ராத்தா அடுப்பின் முன்னே இருந்தார். முதல் நாளே சிவப்புப் பச்சரிசியை ஊறவைத்து, நீரை வடித்து, இடித்து, அரித்து வைத்திருந்தார். இடித்த மாவினால் ஆவது இடியப்பம். பெயரே அதைச் சொல்லுகிறது. இப்பொழுது மாவை வறுத்துக்கொண்டிருந்தார். வறுவல் என்றால் நிறம் மாற வறுப்பதன்று. மாவிலுள்ள ஈரம் ஆவியாகிப் போகவேண்டும். ஆனால் மா சிவக்கக் கூடாது. பதம் வந்ததை எப்படி அறிவது? ஒரு சிட்டிகை மாவை விரலிடையில் எடுத்துத் தட்டின்மேல் கோடு இழுத்தார். கோடு அறுபடாமல் விழுந்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் கோலம் போட்டுப் பார்க்கும் அதே சோதனை! ஈர மா கட்டி கட்டியாக விழும். பதமான மா மணலைப் போல வழியும்.

அடுத்தது தண்ணீர். இங்கேதான் இந்தத் தொழிலின் உயிர் இருக்கிறது. கோதுமை மாவிலே நீர் பட்டுப் பிசைந்தால், அதிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக் குளூட்டன் என்னும் பசைத்தன்மை பிறக்கிறது. அதனாலேதான் ரொட்டி மாவை இழுக்கலாம், வீசலாம். அரிசி மாவிலே குளூட்டன் இல்லை. பச்சைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் அது உதிர்ந்துபோகும். எனவே, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் விட வேண்டும். 60 பாகை முதல் 80 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்திலே அரிசியின் மாப்பொருள் நீரைக் குடித்து வீங்கிக் கூழாகிறது. கொதிநீர் பட்ட மாவில் ஒரு பங்கு இப்படிக் கூழாகி, மிகுதி மாவைத் தன்னோடு பிடித்துக்கொள்கிறது. குளூட்டன் செய்யாத வேலையைச் சூடு செய்கிறது.

ராத்தா அகப்பைக் காம்பினால் மாவைக் கிளறியபடி, கொதிநீரைச் சிறிது சிறிதாக விட்டார். அளவுக்குப் பாத்திரம் எதுவும் வைத்திருக்கவில்லை. "எவ்வளவு தண்ணி ராத்தா?" என்று கேட்டேன். "மா கேக்கிற அளவு சேர். புது அரிசி கொஞ்சமாக் குடிக்கும். பழைய அரிசி கூடக் குடிக்கும். மழை நாளில ஒரு மாதிரி, வெயில் நாளில ஒரு மாதிரி" என்றார். தண்ணீர் குறைந்தால் மா உரலுக்குள் இறுகி, மணிக்கட்டு நோகும். இழை துண்டு துண்டாக அறும். கூடினால் இழைகள் தட்டிலே ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் பதம் மிகவும் ஒடுங்கியது. அதைக் கைதான் அறியும்.

பதமான மாவை உரலுக்குள் அடைத்து, இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டே, தட்டின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றிப் பிழிந்தார். சுற்றுக்குச் சுற்று இடைவெளி விடுகிறார் என்பதைக் கவனித்தேன். நெருக்கிப் பிழிந்தால் ஆவி உள்ளே நுழையாது, நடு வேகாது. பிரம்பினாற் பின்னிய தட்டும் இதற்காகவே ஏற்பட்டது. கீழிருந்து எழும் ஆவி பின்னலின் கண்களாலும் இழைகளின் இடையாலும் ஏறிப் போகும். தட்டின்மேல் தட்டாக அடுக்கி மூடி, சில நிமிடங்களில் இறக்கினால், மீதி மாப்பொருளும் வெந்து இழை முழுமையாகிவிடும்.

மருதமுனை கைத்தறிக்குப் பேர்போன ஊர். அந்த வீட்டிலிருந்து பார்த்தால் அடுத்த வளவிலே தறியின் ஓசை கேட்கும். ஒரு வீட்டிலே நூலை இழையோட்டி நெய்கிறார்கள். அடுத்த வீட்டிலே மாவை இழையாக்கி அவிக்கிறார்கள். சங்கப் புலவரும் அப்பத்திலே நூலைத்தான் கண்டார்.

இனி, நேயர்களே, சற்றுத் தூரம் போய் வருவோம். யப்பானிலே சோபா என்றொரு உணவு உண்டு. நாம் விருந்தினரை இருத்தும் சோபா அன்று. நூல்போல நீண்ட ஓர் உணவு. பக்வீட் என்னும் தானியத்தின் மாவினாற் செய்வது. ஆங்கிலப் பெயரிலே கோதுமை இருந்தாலும் அது கோதுமை இனமன்று, புல்லினமே அன்று. எனவே அரிசியைப் போலவே அதிலும் குளூட்டன் இல்லை. எங்கள் ராத்தாவுக்குள்ள அதே சிக்கல் யப்பானியக் கைவினைஞருக்கும் உண்டு.

அவர்கள் அதை இரண்டு வழிகளிலே தீர்த்தார்கள். ஒன்று, எட்டுப் பங்கு பக்வீட் மாவுக்கு இரண்டு பங்கு கோதுமை மா சேர்ப்பது. மற்றையது, கோதுமை சேராத தனி மாவாயின், கொதிநீர் விட்டுப் பிசைவது. கடலுக்கு அப்பால் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அங்கேயும் கொதிநீர்தான் கைகொடுக்கிறது! பிசைந்ததை அவர்கள் பிழிவதில்லை. உருட்டுக்கட்டையால் மெல்லிய விரிப்பாகத் தேய்த்து, மடித்து, அகன்ற கத்தியால் நூல் நூலாக வெட்டி, கொதிநீரிலே சிறிது நேரம் அவித்து எடுக்கிறார்கள். கொரியாவிலோ பக்வீட் மாவை நம்மைப் போலவே துளைகளின் வழியாகப் பிழிகிறார்கள். ஆண்டின் கடைசி இரவிலே சோபா உண்பது யப்பானியரின் வழக்கம். எளிதில் அறுகின்ற இழையாதலால், அந்த ஆண்டின் துன்பமும் அதோடு அறுந்துபோகும் என்பது அவர்கள் நம்பிக்கை.

அந்தத் தொழிலாளரிடையே ஒரு வழக்கு இருக்கிறது. கத்தி பழக மூன்று நாள், உருட்டுக்கட்டை பழக மூன்று மாதம், பிசையும் பாத்திரம் பழக மூன்று வருடம் என்பது அதன் கருத்து. பார்ப்பவர் கண்ணுக்கு வியப்பாக இருப்பது கத்தி. ஆனால் வருடக்கணக்காகப் பழக வேண்டியது மாவும் நீரும் சேரும் அந்த முதற் சில நிமிடங்களைத்தான். இதை நான் ராத்தாவுக்குச் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. "பிழியிறது என்ன சேர், சின்னப் பிள்ளையும் பிழியும். மா குழைக்கிறதுதான் வேலை" என்றார்.

மாவைப் பிழிந்து இழையாக்கும் அறிவு நம் பக்கத்தில் மிகப் பழையது. 1025 ஆம் ஆண்டளவில் இரண்டாம் சாவுண்டராயர் கன்னடத்தில் எழுதிய லோகோபகாரம் என்ற நூல், இழையுணவைப் பிழியும் அச்சைக் குறிப்பிடுகிறது. கேரளத்தில் இதுவே நூலப்பம். கொங்கு நாட்டிலே சந்தகை. மலேசியாவிலே புட்டு மாயம். இழைக்குத் துணையாக எங்கள் வீடுகளிலே சொதி. அடுத்த தெருவிலுள்ள முஸ்லிம் வீடுகளிலே ஆணம். ஆணம் என்பது ஏதோ அயற்சொல் என்று நினைப்பவர் நம்மிடையே உண்டு. அது குழம்பைக் குறிக்கும் தமிழ்ச் சொல்தான். தமிழ் அகராதியிலே காணலாம். நாம் கைவிட்ட சொல்லை அவர்கள் அடுப்படியிலே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

இனி, சற்றுக் கசப்பான பகுதிக்கு வருகிறேன்.

அம்பாறை மாவட்டம் நெல்லுக்குப் பேர்பெற்றது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இந்த வயல்களுக்கு நீர் கொண்டுவந்தது. சம்மாந்துறை வெளியிலே நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. ஆயினும் இந்தக் கரையோரத்திலே விற்கும் இடியப்பத்தில் எத்தனையோ தட்டுகள் கோதுமை மாவினால் ஆனவை. கோதுமையோ இந்த மண்ணிலே விளைவதில்லை, கப்பலிலே வருவது. அதைத் துணியில் வைத்து ஆவியில் அவித்து, கட்டியை உடைத்து, அரித்துத்தான் இடியப்பத்துக்கு எடுக்க வேண்டும். அவித்தால் குளூட்டனின் இழுவை கெட்டு, மா அரிசி மாவைப் போல நடந்துகொள்ளும். கோதுமையை அரிசியாக நடிக்கச் செய்யும் வித்தை இது. ஊறவைத்தல், இடித்தல், வறுத்தல் என்னும் மூன்று வேலைகள் அதிலே மிச்சம். அதனால் நானும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2022 இல் நாடு நெருக்கடிக்குள் விழுந்தபோது கோதுமை மா விலை ஏறியது. எரிவாயுவுக்கு வரிசையில் நின்றோம். அப்பொழுது ராத்தா மீண்டும் அரிசிக்கும் விறகுக்கும் திரும்பினார். அந்தப் பதம் கையிலே மிச்சமிருந்தபடியால் அவரால் திரும்ப முடிந்தது. அது தெரியாத இளையவர்கள் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்கள்.

அவர் வீட்டிலே முன்பு தாயார் கொடுத்த முதிரை மர உரல் ஒன்று இருந்ததாம். 2004 டிசம்பர் 26 இல் வந்த கடல், இந்த மாவட்டத்திலே 10,000 இற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று இனம் பார்க்காமல் அள்ளிய கடல் அது. வீட்டோடு உரலும் போயிற்று. அகதி முகாமிலே யாரோ கொடுத்த அலுமினிய உரலைக் கொண்டு மீண்டும் தொடங்கியவர் இவர். "உரல் போனாலும் கை இருந்திச்சி சேர்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்று இயந்திரம் வந்துவிட்டது. ஒரு கைப்பிடியை இழுத்தால் ஒரே தடவையில் பல தட்டுகள் நிறைகின்றன. மணிக்கட்டுத் தேய்ந்துபோன பெண்களுக்கு அது நல்லதே. இயந்திரத்தை வெறுப்பது என் நோக்கமன்று. ஆனால் யப்பானியர் சொன்னபடி, இயந்திரம் எடுத்துக்கொண்டது மூன்று நாள் வேலையை மாத்திரமே. மூன்று வருட வேலை இன்னும் மனிதர் கையிலேயே இருக்கிறது. சோபா குழைக்கும் கைக்கு அங்கே ஆசான் என்று பெயர். இங்கே அதே அறிவுள்ள பெண்ணை "இடியப்பம் விக்கிற பொம்பிளை" என்கிறோம். அவர் பிள்ளை வகுப்பிலே வாய் திறந்தால் சிரிக்கிறோம். நான் சிரித்தேன்.

புறப்படும்போது, வந்த காரியத்தைச் சொன்னேன். அவருடைய தொழிலைச் சங்கப் புலவர் ஒருவர் பாடியிருக்கிறார் என்றும், அதை எனக்குக் காட்டியவள் அவருடைய மகள்தான் என்றும் சொன்னேன். அவர் தட்டுகளை இறக்கியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். மகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

"அந்தக் காலத்தில இடியப்பத்துக்கு என்ன விலை குடுத்தாங்க சேர்?"

பெரும்பாணாற்றுப்படையிலே பாணருக்குக் கிடைத்த பரிசில் இருக்கிறது. பொற்றாமரை இருக்கிறது, தேர் இருக்கிறது. கூவியருக்குக் கிடைத்தது என்ன என்று புலவர் பாடவில்லை.

நாளை காலை சூடான இடியப்பத்தைப் பொதி செய்து வாங்கும்போது, விலை கூடிவிட்டது என்று முணுமுணுப்பதற்கு முன்னர், இந்தக் கேள்வியையும் சற்று நினைத்துப் பாருங்கள்.